பேராதனையில் இரு வில்லாளர்: மனமே இளவரசனும் கர்ணனும்

கண்டி நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவில், ஹந்தானை மலைச்சரிவுக்கும் மகாவலி ஆற்றுக்கும் இடைப்பட்டுக் கிடப்பது பேராதனை வளாகம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறைகள் 1952ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து இங்கு வந்து அமர்ந்தன. அடுத்த பத்தாண்டுகளுக்குள் இவ்வளாகத்து மாணவரின் உடலிலும் குரலிலும் இரண்டு வில்லாளர் உயிர்பெற்றனர். ஒருவன் 1956இற் சிங்கள மேடைக்கு வந்த மனமே இளவரசன். மற்றவன் 1962இல் தமிழ் மேடைக்கு வந்த கர்ணன். இருவரும் முடியணிந்து, அணிகலன் பூண்டு, ஆடிக்கொண்டே அரங்கினுட் புகுந்தவர்கள். வில் வித்தையிற் குறைவுபட்டு இருவரும் வீழவில்லை. கைகொடுக்க வேண்டியவர் உரிய வேளையிற் கையை விலக்கிக்கொண்டமையால் வீழ்ந்தார்கள். சிங்கள நாடக வரலாறு எழுதுவோர் முதல்வனையும், தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் மற்றவனையும் தனித்தனியே போற்றிவந்துள்ளனர். இருவரையும் ஒருங்கு நிறுத்தி நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி.

மனமே கதையின் மூலம் பௌத்த ஜாதகக் கதைகளுள் 374ஆவதாக எண்ணப்படும் சுல்லதனுக்கக ஜாதகம் ஆகும். 'சிறிய வில்லாளன்' என்பது அப்பெயரின் பொருள். தட்சசீலத்தில் ஆசானிடம் வில் வித்தை முற்றக் கற்ற இளைஞனுக்கு ஆசான் தன் மகளையே மணம் முடித்துக் கொடுக்கிறார். ஊர் திரும்பும் வழியிற் காட்டில் ஐம்பது கள்வர் மறிக்கின்றனர். நாற்பத்தொன்பது அம்புகளால் நாற்பத்தொன்பது பேரை அவன் வீழ்த்துகிறான். எஞ்சியவன் கள்வர் தலைவன், அம்போ தீர்ந்துவிட்டது. தலைவனை நிலத்தில் வீழ்த்தி அழுத்திக்கொண்டு, வாளைத் தா என்று மனைவியிடம் கேட்கிறான். கணப்பொழுதிற் கள்வன் மேல் மனம் வைத்துவிட்ட அவள் வாளின் பிடியைக் கள்வன் கையிற் கொடுக்கிறாள். கணவன் மடிகிறான். பின்னர் அக்கள்வனும் அவளை நம்பாது, அவளுடைய அணிகலன்களைக் கவர்ந்துகொண்டு ஆற்றங்கரையிற் கைவிட்டுச் செல்கிறான். பெண் மனம் நிலையற்றது என்று காட்டுவதே ஜாதகத்தின் நோக்கம். அதில் ஐயத்துக்கு இடமேயில்லை.

பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர (1914–1996) இக்கதையை எடுத்தாண்டபோது செய்த மாற்றம் சிறிதாகத் தோன்றினும் அடிப்படையானது. கள்வர் தலைவன் வேடர் அரசன் ஆனான். அவன் தன் கூட்டத்தை விலக்கித் தனித்து நின்று பொருதவன். ஆதலின் அவனைக் கொல்ல வேண்டாமென இளவரசி கணவனை வேண்டுகிறாள். அந்தத் தயக்கத்தின் நடுவே வாள் கைமாறிவிடுகிறது. அவள் கொடுத்தாளா, தடுமாறினாளா, வேடன் பறித்தானா? அவள் உள்ளத்தில் இருந்தது இரக்கமா, வேட்கையா? நாடகம் தீர்ப்புக் கூற மறுக்கிறது. 1955இல் யப்பான் சென்று அந்நாட்டின் நோ, கபுக்கி அரங்குகளைக் கண்டு மீண்டவர் சரச்சந்திர. ஒரே நிகழ்ச்சியைப் பல வாய்களாற் சொல்லவைத்து உண்மை எது என்று திகைக்கவைக்கும் குரோசாவாவின் 'ரஷோமொன்' திரைப்படத்தின் செல்வாக்கையும் ஆய்வாளர் இங்குச் சுட்டுவர். எவ்வாறாயினும் ஜாதகத்திற் குற்றவாளியாக நின்ற பெண் மேடையில் நம்முடைய ஐயங்களையெல்லாம் சுமப்பவளாக மாறினாள் என்பது தெளிவு. வில்லாளனின் வீழ்ச்சிக்கு அவனுடைய இறுமாப்பும் ஒரு காரணமோ என்று எண்ணவும் வழி பிறந்தது.

இந்நாடகத்தின் வடிவம் தமிழ் மாணவர் நின்று நோக்கவேண்டியது. சரச்சந்திர தெரிந்தெடுத்தது 'நாடகம' என்னும் பழைய சிங்கள ஆட்ட வடிவம். மேற்கு, தெற்குக் கரையோரங்களிற் கத்தோலிக்கர் நடுவே பரவிய இவ்வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பதைத் தம் ஆய்வில் வலியுறுத்தியவரும் அவரே. சொற்களே சான்று பகரும். ஆட்டுவிப்போர் 'அண்ணாவி', ஆடுமிடம் 'கரலிய', அதாவது நம் களரி, பாடல் வகைகளுட் சிந்தும் விருத்தமும் இன்னிசையும் உண்டு, மத்தளத்துக்குத் 'தெமள பெர', தமிழ்ப் பறை, என்றே பெயர். இம்மரபின் தந்தையெனக் கருதப்படும் பிலிப்பு சிஞ்ஞோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொழும்பில் வாழ்ந்த கொல்லர். அவருக்கு உரியதாகச் சொல்லப்படும் நாடகங்களுள் ஒன்று 'எகலப்பொல'. கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னனுக்கு மந்திரியாயிருந்து, பின் பகைத்து ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, 1814இல் தன் மனைவி மக்களை மன்னன் ஆணையாற் கண்டியிற் பறிகொடுத்தவன் அவன். யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற வினாவுக்குக் கண்டியிலே பஞ்சமில்லை.

மனமே முதன்முதலில் 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. ஆடியவர்கள் பல்கலைக்கழகச் சிங்கள நாடக மன்றத்தினர். ஆட்டமும் பாட்டும் அமைக்கத் துணைநின்றவர் நாடகம மரபில் ஊறிய சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. அதே ஆண்டின் நடுப்பகுதியிலேதான் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியென்ற சட்டம் நிறைவேறியிருந்தது. நாட்டின் மொழியுறவு முறிந்த அதே ஆண்டிற் சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சி தமிழ்க் கூத்தின் தாளத்தில் நிகழ்ந்தது. இதைச் சிங்கள மக்கள் தம் தேசியக் கலையென வரவேற்றதிற் பிழையொன்றும் இல்லை. இருநூறு ஆண்டு வாழ்ந்த இடம் எந்தக் கலைக்கும் சொந்த ஊர்தான். ஆயினும் கடன் கொடுத்தவர் வீட்டில் அக்கலை அப்போது என்ன நிலையில் இருந்தது என்று எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது.

அதை எண்ணிப்பார்த்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989). தெல்லிப்பழையிற் பிறந்து பேராதனையிற் கற்பித்த அவர், 1957 முதற் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் வாயிலாக ஊர்தோறும் கூத்துப் போட்டிகளை நடத்தினார். மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிகளின் நாடக ஏடுகளைப் பதிப்பித்தார். படித்த தமிழர் அன்று கூத்தை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கென ஒதுக்கியிருந்தனர். மனமேயின் வெற்றி அவ்வொதுக்கலை நாணச்செய்தது என்றே சொல்லவேண்டும். 1962இல் 'கர்ணன் போர்' பேராதனை மாணவரால் ஆடப்பெற்றது. பழக்கியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பட்டமொன்றும் பெறாத அண்ணாவியார் முன் பட்டப்படிப்பு மாணவர் கைகட்டி நின்று தாளக்கட்டுப் பயின்ற காட்சியே ஒரு வரலாற்று நிகழ்ச்சிதான். 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன பின்தொடர்ந்தன.

கர்ணனைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று. போர்க்கதையும் அவல முடிவும் வடமோடிக்கு இயல்பானவை. காதற்கதைகள் தென்மோடிக்கு உரியன. வில்லி பாரத வழியாகத் தமிழர் அறிந்த கர்ணன் வடமொழிக் கர்ணனிலும் பார்க்கக் கடுமையாக வஞ்சிக்கப்பட்டவன் என்பதையும் மனங்கொள்ள வேண்டும். வியாச பாரதத்தில் நாகக் கணையை இரண்டாம் முறை ஏவ அவன் மறுப்பது தன் ஆண்மைச் செருக்கினால். தமிழிலோ, குந்தி வந்து தாயென்று கூறி அணைத்து, அவ்வணைப்பின் விலையாக அக்கணையை ஒரு முறைக்குமேல் விடுவதில்லையென வரம் பெற்றுச் செல்கிறாள். வாழ்நாள் முழுதும் அவன் ஏங்கிய தாயன்பு வந்தபோது படைக்கலத்தைப் பறிக்கவே வந்தது. வியாசரிற் சல்லியன் கடுஞ்சொற் கூறினும் இறுதிவரை தேர்த்தட்டில் இருக்கிறான். வில்லியிலோ, மார்புக்குக் குறிவையென்று தான் சொன்னதைக் கேளாது கழுத்துக்குக் குறிவைத்தான் என்றும், மீண்டும் கணையை விடச் சொன்னபோதும் மறுத்தான் என்றும் சினந்து, நடுக்களத்தில் தேரை விட்டு இறங்கிப் போய்விடுகிறான். ஒரே தொழிலில் இணைந்து நிற்க வேண்டியவன் வேலையின் நடுவே விட்டகலும் துரோகம் இது. இறுதியிற் கண்ணன் வேதியனாய் வந்து அவனுடைய புண்ணியத்தையும் இரந்து பெறுகிறான்.

இவற்றோடு நாட்டார் மரபு இன்னொன்றையும் சேர்த்தது. தமிழகத் தெருக்கூத்தின் 'கர்ண மோட்ச'த்திற் பொன்னுருவி கணவனைத் தேரோட்டி மகன் எனப் பழிக்கிறாள். போருக்கு விடைபெற வந்தவன் மனைவியின் வாயிலேயே பிறப்பிழிவு கேட்க நேர்கிறது. மனமே இளவரசனைக் கைவிட்டது ஒரு கணத்துச் சபலமெனின், கர்ணனைக் கைவிட்டது பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் சமுதாயம். இவ்விரண்டில் எது கொடிது என்பதிற் கட்டுரையாளனுக்கு ஐயமில்லை. வித்தியானந்தன் தயாரித்த இராவணேசனில் மாணவராக இருந்து இராவணனாய் ஆடிய சி. மௌனகுரு, 1969இல் அதே வடமோடி ஆட்டத்தைக் கொண்டு சாதி, வர்க்கக் கொடுமைகளை எதிர்க்கும் 'சங்கார'த்தைப் படைத்தார். அதற்கான வித்து கர்ணன் கதையிலேயே கிடந்தது எனலாம்.

மேடையேற்றத்தில் இழப்பும் இருந்தது. ஊரில் விடியவிடிய ஆடும் கூத்துப் பல்கலைக்கழகத்திற் சில நாழிகைக்குள் அடங்கியது. சுற்றிவரச் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரி போய், ஒருபுறம் மட்டும் பார்வையாளர் இருக்கும் சட்டக மேடை வந்தது. ஆட்டக்கோலங்கள் அதற்கேற்ப முன்னோக்கித் திருப்பப்பட்டன. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல மாதம் நீண்டு ஊரையே ஒன்றாக்கும் சடங்குமுறை மேடைக்கு வர இடமில்லை. வடமோடி அரசர்க்குரிய கரப்புடுப்பு பாரம் மிக்கது. அதையும் முடியையும் தாங்கி ஆடும்போது உண்டாகும் களைப்பே வில்லாளனின் அவலத்துக்கு ஒரு மெய்ப்பாடாக அமையும். விடியற்காலையிற் கர்ணன் வீழும்போது ஆடுபவனும் பார்ப்பவனும் உண்மையிலேயே சோர்ந்திருப்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அச்சோர்வைத் தருவது அரிது. ஆனால் சுருக்கியிராவிட்டால் கொழும்பும் யாழ்ப்பாணமும் அதைப் பார்த்திருக்குமா என்று கேட்போருக்கும் விடை சொல்லியாக வேண்டும். பார்த்திரா என்பதே என் எண்ணம்.

பேராதனையின் திறந்தவெளி அரங்கு மாணவர் வாயிற் 'பள்ளம்' என்று பொருள்படும் 'வல' என்றே வழங்கும். இன்று அது சரச்சந்திரவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1961இல் அவருடைய 'சிங்கபாகு'வைக் கண்ட இடமும் அதுவே. அங்கும் ஒரு வில்லாளன். ஆனால் வஞ்சிக்கப்பட்டவனல்லன், தந்தையாகிய சிங்கத்தின் மீது தானே அம்பு தொடுத்தவன். மகன்மேல் அன்பு நிறைந்திருந்தவரை அம்பு சிங்கத்தைத் துளைக்கவில்லை, சினம் எழுந்தபோதே துளைத்தது என்கிறது பழங்கதை.

இப்பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஹந்தானை மலையும் அதன் தேயிலைத் தோட்டங்களும் தெரியும். கர்ணனைத் தேடி மட்டக்களப்புக்குச் சென்ற அன்றைய தமிழ்ப் புலமை, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிற் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஆடிவந்த கூத்துகளை நோக்கச் சற்றுத் தாமதித்தது. அருச்சுனன் தபசு அங்கே உண்டு. மாசி மாதத்திற் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்தும் உண்டு. ஆடியவர்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டவர்கள். மலையையே உழைத்துத் திருத்தியவர் அவர். அவர்களுடைய வில்லாளன் கையிற் கரும்பு வில். தேவர் தம் காரியத்துக்காக அவனைச் சிவனுடைய தவத்தைக் கலைக்க அனுப்புகின்றனர், போகவேண்டாமென இரதி தடுக்கிறாள், சொன்ன வேலையைச் செய்து முடிக்கிறான், எரிந்து சாம்பலாகிறான். அனுப்பியவர்களுக்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. சேலையுடுத்து இரதி வேடங்கட்டிய ஆடவன் லயத்து முற்றத்தில் ஒப்பாரி வைக்க, தப்பு ஒலிக்க, மறுநாட் காலைப் பிரட்டுக்குப் போகவேண்டியவர்கள் விழித்திருந்து கேட்கிறார்கள்.