பொன் எடுத்தார், புண் பெற்றார்!

அட்சய திருதியை நாளில் அசோக் நகர் நகைக்கடை வாயில்களில் அலைமோதிய கூட்டத்தைக் கண்டோம். நம் நெஞ்சமோ கோலார் நோக்கிச் சென்றது.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள் பாறையைக் குடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் யார்? தீண்டத்தகாதோர் என்று ஊர் ஒதுக்கிய மக்கள்! 1902இல் சிவசமுத்திரத்தினின்று மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. பாறை வெடித்து மாண்டோர் பலர்; பாறைத்தூள் நுரையீரலை அரிக்க, இருமி இருமி மாண்டோர் பலர்.

குற்றவாளிகளைப் போலக் கைரேகை பதியுமாறு ஆணை பிறந்தது. 1930இல் வேலைநிறுத்தம் வெடித்தது. போர் மூண்டது கூலியால் அன்று; மானத்தால்!

1956இல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் ஈந்தபின், 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. எஞ்சியவை எவை? துருவேறிய இரும்புக் கோபுரங்கள், நீர் நிரம்பிய குழிகள், காற்றடித்தால் வீடுகளுக்குள் பறந்து வரும் சயனைடு மண்மேடுகள்.

தலைவிதியா இது? தோண்டியவனைக் கைவிட்டது ஆண்டவன் அல்லன், தோழர்களே, ஆண்டவர்கள்!

பொன் வாங்குவோர் நல்ல நாள் பார்க்கின்றனர். அதைத் தோண்டியவனுக்கு எந்த நாள் நல்ல நாளாயிற்று?