இரு கடல்களுக்கு நீர் வழங்கும் மாத்தளை

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. மலைகள் சூழ இலங்கையின் நடுவிலே கிடக்கும் நிலம் அது. அத்தகைய மாவட்டத்தின் கழிவுநீரைப் பற்றிப் பேச வந்தவர் கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை காண, மாத்தளையின் நீர் எவ்வெவ் வழிகளாற் சென்றது என்னும் வரலாற்றைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

மாத்தளை நகரை ஊடறுத்து ஓடும் சுது கங்கை, வடக்கே சென்று அம்பன் கங்கையாகின்றது. அம்பன் கங்கை மகாவலியோடு கலந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. இது இயற்கை வகுத்த வழி. பண்டைய மன்னர் இவ்வழியோடு அமையவில்லை. எலஹெரவிலே அம்பன் கங்கையை மறித்துக் கால்வாய் வெட்டியவன் வசபன் என்பது மரபு. மகாசேனன் கட்டிய மின்னேரிக் குளத்துக்கு அக்கால்வாயே நீர் ஊட்டியது. பின்னர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பெயரோடு கந்தளாய்க் குளம் இணைத்துப் பேசப்படுகின்றது. எலஹெரக் கால்வாயும் காலப்போக்கிற் கந்தளாய் வரை நீண்டது. கந்தளாயின் மிகைநீர் தம்பலகாமம் குடாவை அடையும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பராக்கிரம சமுத்திரத்தை நிரப்பியதும் இதே அம்பன் கங்கைதான். ஆக, கிழக்குக் கரையோடு மாத்தளைக்கு உள்ள உறவு மிகப் பழையது.

மேற்குக் கரையோடு உள்ள உறவோ நம் காலத்தது. 1976 ஆம் ஆண்டிற் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டுச் சுது கங்கையில் விடப்பட்டது. 1981 இல் போவதென்ன அணை எழுந்தது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் நீரைக் கலா வாவியின் பக்கமாகக் கொண்டு செல்கின்றது. கலா ஓயா புத்தளம் கடனீரேரியிற் கலப்பது. 2018 இல் மொறகஹகந்த நீர்த்தேக்கமும் இவற்றோடு சேர்ந்தது. கடலே இல்லாத இம்மாவட்டம் இன்று கிழக்கு, மேற்கு ஆகிய இரு கரைகளுக்கும் நீர் வழங்குகின்றது.

இதில் ஒரு செய்தியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்டி வாவியிலிருந்து புறப்பட்டு நகரின் அழுக்கையெல்லாம் ஏந்திச் செல்லும் மெத எல, பொல்கொல்லைக்கு மேலேயே மகாவலியிற் கலக்கின்றது. எனவே 1976 முதல் கண்டியின் கழிவிலும் ஒரு பங்கு மாத்தளைக்கு வந்து சேரலாயிற்று. சுரங்கம் வெட்டியோர் மின்சாரத்தையும் வயலையும் கணக்கிட்டனர். நீரோடு கூடவே வருவதைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. ஜப்பானின் கடனுதவி உடன்படிக்கை கையெழுத்தாகி, கண்டிக்குக் கழிவுநீர்த் திட்டம் ஒன்று தொடங்கியது 2010 இலேதான். அதன்படி கன்னொறுவையிற் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது.

மாத்தளைக்குக் கழிவகற்றற் பணியிலே தனி வரலாறு ஒன்று உண்டு. ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை, இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை 1916 இல் தொடங்கியபோது, முதற்களமாக அமைந்தது மாத்தளைப் பகுதியே. தென்னிந்தியாவிலிருந்து மன்னார், தம்புள்ளை வழியாக நடந்து வந்து இம்மலைகளிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளர், லயன்களில் நெருக்கமாக வாழ்ந்தனர். மலசலகூடங்கள் மிக அரிது. ஓடைக்கரையும் செடிமறைவுமே அவர்களுக்கு வாய்த்தவை. வெறுங்காலோடு உழைத்தவர்களின் தோலைத் துளைத்துப் புழு உட்புகுந்தது, இரத்தம் குன்றியது. பரிசோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோரிடம் அப்புழு காணப்பட்டது. மருந்து கொடுத்தார்கள், குணம் கண்டது, ஆனால் தொழிலாளர் மீண்டும் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். மருந்துக்கு இசைந்த துரைமார் பலர் மலசலகூடம் கட்டும் செலவுக்கு எளிதில் இசையவில்லை. குழி வெட்டி மறைவு கட்டித் தரவேண்டும் என்பதை நிலைநாட்ட நெடுங்காலம் சென்றது. அந்தக் குழி எத்தனையோ உயிர்களைக் காத்தது என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

எனினும், குழி தடுப்பது புழுவையும் கிருமியையுமே. நைதரசனை அது தடுப்பதில்லை. ஒரு மனிதரின் உடலிலிருந்து ஆண்டொன்றுக்கு நான்கைந்து கிலோகிராம் நைதரசன் வெளியேறுகின்றது. அதிற் பெரும்பங்கு சிறுநீரில் உள்ளது. அது குழியில் அமோனியாவாக மாறும். காற்றோட்டமுள்ள மண்ணை அடைந்ததும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக்கும். களிமண் அமோனியாவைப் பற்றிக்கொள்ளும், நைத்திரேற்றைப் பற்றாது. மழைநீர் செல்லும் வழியே அதுவும் சென்றுவிடும். யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக உரத்தின் நைத்திரேற்றும் மலக்குழியின் நைத்திரேற்றும் கிணற்றில் இறங்கி, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைப் பல கிணறுகள் தாண்டியுள்ளன. மாத்தளையிற் சரிவான நிலம். ஆகவே நைத்திரேற்று ஓடையைத் தேடிச் செல்கின்றது.

ஆற்றிற் கலந்த நைதரசன் முழுவதும் கடலைச் சேர்வதில்லை. நெற்பயிரும் குளத்து நீர்த்தாவரங்களும் அதில் ஒரு பகுதியை உண்டுவிடும். எஞ்சியது கடனீரேரியை அடையும்போது, அங்கே பாசி மிகுதியாகச் செழிக்கும். பாசி படர்ந்தால் அடியிலுள்ள கடற்புல்லுக்கு ஒளி கிடையாது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறையும். இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடம் அக்கடற்புல்லே. யூரியா இட்ட வயல்களும் இக்குற்றத்திற் பங்காளிகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதனைத் திருத்த முடியும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள தம்பா விரிகுடா நல்ல சான்று. 1970 ஆம் ஆண்டுகளில் அவ்விரிகுடா பாசி படிந்து கிடந்தது. 1979 இல் தம்பா நகரம் நைதரசனையும் நீக்கும் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கத் தொடங்கியது. பிற்பாடு கரையிலுள்ள ஊராட்சிகளும் தொழிற்சாலைகளும் ஒன்றுகூடி, விரிகுடாவுக்குள் யார் எவ்வளவு நைதரசன் விடலாம் என்று தமக்குள் பங்கு பிரித்துக்கொண்டன. 2014 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே கடற்புற்படுகை 40,000 ஏக்கரைத் தாண்டியது. அதன் பின்னர் அது மீண்டும் ஓரளவு சுருங்கியதும் உண்மை. அங்கே பணி இன்னும் நடைபெறுகின்றது.

நம் நாட்டிலோ சட்டத்தின் பார்வை வேறுவிதமாக இருந்தது. தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008 இல் வெளியான ஒழுங்குவிதிகள், உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரில் அமோனிய நைதரசன் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றன. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரியாமல் அப்படியே எடுத்து அளந்தாலும், அமோனிய நைதரசன் பெரும்பாலும் அவ்வளவுக்குள்ளேயே நிற்கும்! பிற அழுக்குகளுக்கு இறுக்கமான எல்லையும் இதற்கு இத்தகைய தாராளமும் ஏன் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை. 2019 ஒற்றோபரிற் கொழும்பில் நாடுகள் பல கூடி, வீணாகும் நைதரசனை 2030 இற்குள் பாதியாகக் குறைப்பதெனக் கொழும்புப் பிரகடனத்தை ஏற்றன. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்பே தடை நீக்கப்பட்டது. உரத்தைப் பற்றி ஊரெங்கும் பேசியோர், மலக்குழியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இலங்கை மக்களுள் குழாய்வழிக் கழிவகற்றல் வசதி பெற்றோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரளவினரே. மாத்தளையின் மலைச்சரிவெங்கும் குழாய் பதித்தல் பெருஞ்செலவு. அது ஒரு தலைமுறைக்குள் நிறைவேறும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் செய்யத்தக்கவை உள. குழியிலிருந்து பவுசர் வண்டிகள் உறிஞ்சி எடுக்கும் கழிவைக் கொட்டுவதற்கு முறையான சுத்திகரிப்பு இடம் வேண்டும். கழிவைப் பதப்படுத்தி உரமாக்கினால் யூரியாச் செலவிலும் ஒரு பகுதி மிஞ்சும். வைத்தியசாலை, சந்தை, விடுதி போன்று ஒரே இடத்திற் பெருமளவு கழிவு சேரும் இடங்களில், முதலிற் காற்றூட்டியும் பின்னர் காற்றில்லாமலும் வைத்து நைதரசனை வாயுவாக்கி வெளியேற்றும் தொட்டிகளை அமைக்கலாம். ஓடைக்கரைகளிற் புல்லும் மரமும் நிற்க இடம் விடலாம். இவை யாவும் பயன் தருகின்றனவா என்று அறிவதற்கு, உக்குவளையிலும் போவதென்னவிலும் எலஹெரவிலும் நைதரசனை மாதந்தோறும் அளந்து, அக்கணக்கைக் கண்டி, மாத்தளை, திருகோணமலை, புத்தளம் ஆகிய நான்கு மாவட்டத்தாரும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். மாநகரசபையின் எல்லை நகரோடு முடிகின்றது. சுது கங்கை அங்கிருந்து எலஹெரவுக்கும் அப்பாற் செல்கின்றது.