ஹோகார்த் சட்டம் – ஓவியர்கள் கேட்டு வாங்கிய காப்புரிமை

ஒரு படத்தைக் காப்பி அடிக்க இன்று ஒரு நொடி போதும். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் அதற்கு ஒரு செப்புத் தகடும், செதுக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆனாலும் திருட்டு என்னவோ தாராளமாகவே நடந்தது!

வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 1732இல் ‘எ ஹார்லட்ஸ் புராகிரஸ்’ என்ற படத்தொடரை வெளியிட்டார். பிழைக்க லண்டன் வந்து சீரழியும் ஒரு பெண்ணின் கதை, 6 படங்களில். ஒரு செட் விலை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஆயிரம் செட்டுக்கு மேல் விற்றது. உடனே அச்சுக்கடைக்காரர்கள் அதைப் பார்த்துச் செதுக்கி மலிவு விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதில் வரைந்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது.

கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே என்கிறீர்களா? 1710இல் அமலுக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் புத்தகங்களுக்குத்தான் பாதுகாப்பு தந்தது. படங்களுக்கு எதுவும் இல்லை.

எனவே ஹோகார்த்தும் சக ஓவியர்களும் 1735இல் பாராளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். சட்டம் நிறைவேறியது. அடுத்த தொடரான ‘எ ரேக்ஸ் புராகிரஸ்’ விற்பனையை அதுவரை நிறுத்தி வைத்திருந்தார் ஹோகார்த். சட்டம் அமலுக்கு வந்தது ஜூன் 24. படங்கள் வெளிவந்தது ஜூன் 25! என்ன ஒரு வியாபாரக் கணக்கு பாருங்கள். அப்படியும் சில கடைக்காரர்கள் அவர் வீட்டுக்கு ஆளனுப்பி, மூலப் படங்களைப் பார்த்து வரச் சொல்லி, நினைவிலிருந்தே வரைய வைத்து முந்திக்கொண்டார்கள்.

சட்டம் சொன்னது இதுதான். தகட்டில் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். உரிமை 14 ஆண்டுகள். அனுமதியின்றிக் காப்பி அடித்தால் தகடு பறிபோகும். ஒவ்வொரு பிரதிக்கும் 5 ஷில்லிங் அபராதம்.

1764இல் ஹோகார்த் இறந்தபோது பல படங்களின் 14 ஆண்டுக் கெடு முடிந்திருந்தது. அவர் மனைவி ஜேனுக்கு அந்தத் தகடுகள்தான் பிழைப்பு. 1766இல் வந்த திருத்தம் பொதுவாக 28 ஆண்டுகள் தந்தது. ஜேனுக்கென்று தனியாக 20 ஆண்டுகள் ஒதுக்கியது.

ஆனால் ஒரு வேடிக்கை. அச்சுப்படத்துக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, கையால் தீட்டிய ஓவியத்துக்கு 1862இல்தான் பிரிட்டனில் கிடைத்தது.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியரின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. கேட்காமலே கிடைக்கும் இந்த உரிமைக்காக ஒரு காலத்தில் ஓவியர்கள் மனு எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை யாரோ வரைந்த படத்தை எடுத்துப் போடும்போது, வரைந்தவர் பெயரையாவது அழிக்காமல் விடலாமே நண்பர்களே!