'விசர்' என்ற ஒரே சொல்

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த பலர் உடம்பில் காயமே இல்லாமல் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள். 1915இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் இதை 'ஷெல் ஷாக்' என்று மருத்துவ இதழில் எழுதினார். இராணுவத் தளபதிகள் பலருக்கோ அது வெறும் கோழைத்தனம். அந்தப் போரில் கனடிய வீரர்கள் 25 பேர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் மீதிருந்த குற்றம், படையை விட்டு ஓடியது. அப்படியொரு இடத்தில் யார் வாய் திறந்து உதவி கேட்பார்?

வியட்நாமிலிருந்து திரும்பிய சிலர் 1970இல் நியூயோர்க்கில் வேறு வழி பார்த்தார்கள். அரச மருத்துவமனைகளை நம்பாமல் தாங்களே கூடியிருந்து கதைத்தார்கள். மனநல மருத்துவர்கள் சிலரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்கள். பிறகு இரு தரப்பும் பத்து வருடம் விடாமல் வாதாடியதில், 1980இல் பி.ரி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது.

1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் பெற்றோர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அந்தப் பெயருக்கு மூன்று வயது. அவர்கள் கொண்டுவந்த சொல் 'விசர்'. மிஞ்சினால் 'அங்கொடை': கொழும்புக்குப் பக்கத்தில் மனநோய் மருத்துவமனை இருக்கும் ஊர், எங்கள் வீடுகளில் வசைச்சொல். அதனால் குடும்ப வைத்தியரிடம் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை வருதில்லை என்றுதான் சொன்னார்கள். அது பொய்யில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார்: எங்கள் ஆட்களில் மனத்தின் நோவு பெரும்பாலும் உடம்பு வழியாகவே வெளிவருகிறது. அங்கேதான் 'மனவடு' என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. எனக்கு மிகப் பிடித்த சொல் இது. வடு என்றால் காயம் பட்டது என்று அர்த்தம், பைத்தியம் என்றல்ல.

கனடிய இராணுவமும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்தது. 1994இல் ருவண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய ரோமியோ டலேர் தன் நிலையை ஊரறியச் சொன்ன பிறகு, 2001இல் இராணுவம் 'நோய்' என்பதை விட்டு 'காயம்' என்று பேசத் தொடங்கியது. அதே காயம் பட்ட பழைய வீரர்களே மற்ற வீரர்களோடு கதைக்கும் திட்டமும் அப்போதுதான் தொடங்கியது.

மார்க்கத்தில் வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் நீங்கள் 'அங்சைட்டி', 'டிப்ரெஷன்' என்று நண்பர்களிடம் சரளமாகச் சொல்வீர்கள். ஆனால் பரீட்சைக்கு முதல்நாள் இரவு அம்மா வந்து "என்னப்பு, ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை அம்மா, தலையிடி" என்றுதானே சொல்கிறீர்கள்?