எலக்ட்ரான்களின் காந்த எதிர்வினை

காந்தப்புலத்தில் வைத்த பொருளின் எலக்ட்ரான்கள் அந்தப் புலத்துக்கு இணங்கினால் பாரா காந்தம், எதிர்த்தால் டயா காந்தம். பழைய இயக்கவியலைக் கொண்டு கணக்கிட்டால் இந்தக் காந்த எதிர்வினை பூஜ்யம்தான் என்று நீல்ஸ் போர் 1911-இல் காட்டினார். குவாண்டம் இயற்பியல் வந்த பிறகே புதிர் அவிழ்ந்தது. தற்சுழற்சியால் பிறக்கும் பாரா காந்தத்தை 1927-இல் பவுலியும், எலக்ட்ரான்கள் வட்டமிடுவதால் பிறக்கும் டயா காந்தத்தை 1930-இல் லாண்டாவும் விளக்கினர்.

இந்தக் கொள்கைகளைப் படிகங்களில் அளந்து பார்த்தவர்களில் முன்னவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். ராமன் விளைவின் இணை ஆய்வாளர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவருடைய சொந்தச் சாதனை படிகக் காந்தவியல்தான். அதற்குரிய புகழ் இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை.

1928-இல் டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின் அந்த ஆய்வு வேகம் பிடித்தது. சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடுவார்கள். படிகம் தனக்கு உகந்த திசையில் நிற்கும். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கினால் படிகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஏறத்தாழ 45 பாகை திரும்பியதும், தாக்குப்பிடிக்க முடியாமல் சட்டென்று சுழன்றுவிடும். அதற்குத் தேவைப்பட்ட முறுக்கத்தின் அளவிலிருந்து, படிகத்தின் இரு திசைகளுக்கிடையே காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். கருவி எளியது; முடிவு மிக நுட்பமானது.

1933-இல் கல்கத்தா திரும்பிய கிருஷ்ணன் கிராஃபைட்டைக் கையிலெடுத்தார். மதுரைக்குக் கிழக்கே சிவகங்கையில் வெட்டியெடுக்கப்படுகிற அதே கனிமம்தான். கார்பன் அடுக்குகளுக்குச் செங்குத்தாகப் புலம் பாய்ந்தால் அதன் டயா காந்தம், அடுக்குகளின் திசையில் உள்ளதைவிடச் சுமார் 40 மடங்கு. அடுக்குக்குள் தடையின்றி ஓடும் எலக்ட்ரான்களே இதற்குக் காரணம் என்று அவரும் என். கங்குலியும் 1941-இல் வாதிட்டனர். கிராஃபைட்டின் ஆற்றல் பட்டைகளைக் கொண்டு முழு விளக்கத்தை மெக்லூர் 1956-இல் தந்தார்.

இதுவரை சொன்ன கணக்குகளில் எலக்ட்ரான்கள் தொலைவதில்லை. ஆற்றல் மெய்யெண்ணாகவே வரும். ஹெர்மிஷியன் அமைப்பு என்பதன் பொருள் இதுவே. சுற்றுப்புறத்தோடு ஆற்றலோ துகளோ கைமாறும் அமைப்பில் ஆற்றலுக்குக் கற்பனைப் பகுதியும் வரலாம். அந்த ஆற்றலுடைய குவாண்டம் நிலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது அல்லது வளர்கிறது என்பதை அது சொல்லும். மீக்கடத்திகளில் உள்ள காந்தப்பாய இழைகளை ஆராய, ஹடானோவும் நெல்சனும் 1996-இல் இத்தகைய மாதிரி ஒன்றை அமைத்தனர். அத்தகைய மாதிரியில் துகள் ஒரு திசையில் தாவுவது மறுதிசையில் தாவுவதைவிட எளிதாக இருந்தால், நிலைகள் எல்லாம் பொருளின் விளிம்பில் போய்க் குவியும். 2018 முதல் இதற்குத் தோல் விளைவு என்ற பெயர் நிலைத்துள்ளது. இங்கே காந்தப்புலத்துக்குப் புதிய வேலை உண்டு: எலக்ட்ரான்களை வட்டமிட வைத்து, விளிம்புக்கு ஒதுங்கும் நிலைகளை உட்பகுதிக்கு இழுக்கிறது. 2021-இல் வெளியான கோட்பாட்டு ஆய்வொன்று இதைக் காட்டியது.

ஹெர்மிஷியன் அல்லாத அமைப்புகளின் சோதனைகள் பெரும்பாலும் ஒளி, ஒலி, மின்சுற்று, குளிர்ந்த அணுக்கள் ஆகியவற்றிலேயே நடந்துள்ளன.