ஜேன் ஆஸ்டின் நாவல்களும் வாசகப் பற்றும்: பதிப்பு, நினைவு, தழுவல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1811 முதல் 1817 வரையிலான காலத்தில் எழுதப்பட்டோ திருத்தப்பட்டோ வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்கள் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் விரும்பி வாசிக்கப்படுகின்றன. நாடகம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் எனத் தொடர்ந்து தழுவப்படுகின்றன. இவ்விருப்பத்தைப் பழமை ஏக்கம் என்று மட்டும் கொள்வது போதுமானதன்று. பெண்ணின் வாழ்விடமும் வருவாயும் யார் கையில் உள்ளன என்னும் வினாவே இந்நாவல்களின் அடித்தளம் என்பதையும், அவ்வினாவைக் கைவிடாத தழுவல்கள் மூலத்திற்கு நெருக்கமாக நிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை பதிப்பு வரலாறு, வாசக அமைப்புகள், தழுவல்கள் ஆகியவற்றின் வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஜேன் ஆஸ்டின், ரீஜென்சி காலம், வாசகப் பற்று, பெண்களின் சொத்துரிமை, தழுவல், கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்.

முன்னுரை

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியதால் அவருடைய மகன் 1811 முதல் 1820 வரை அவருக்குப் பதிலாக ஆட்சி செய்தார். பதிலாளர் என்னும் பொருள்படும் ‘ரீஜென்ட்’ என்ற சொல்லால் அக்காலம் ரீஜென்சி காலம் எனப்பட்டது. ஆஸ்டினின் நாவல்கள் அனைத்தும் இவ்வாண்டுகளுக்குள்ளேயே அச்சேறின. அன்றைய ஆடை, நடனம், மாளிகை ஆகியவை இன்று ஒரு தனிக் கதையுலகமாகவே வளர்ந்துள்ளன. வாசகர் விரும்புவது அந்த ஆடையையும் மாளிகையையுமா, அவற்றுக்கு அடியில் உள்ள வாழ்க்கைச் சிக்கலையா என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவுக்கு விடை காண, அவ்விருப்பம் எப்போது, எவ்வாறு, யாரிடம் உருவாயிற்று என்பதைக் கால வரிசையில் காண்பது தேவையாகிறது.

1. அச்சும் விலையும்

1805இல் தந்தை இறந்தபின் ஜேன் ஆஸ்டினும் தாயும் தமக்கை கசாண்ட்ராவும் நிலையான வீடின்றி, சகோதரர்களின் உதவியை நம்பி வாழ்ந்தனர். 1809இல் சகோதரர் எட்வர்ட் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் சாட்டன் ஊரில் தமக்குரிய வீடொன்றை அவர்களுக்கு அளித்தார். அவ்வீட்டில் குடியேறிய பிறகே நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. வீடிழந்த பெண்களின் கதையை எழுதியவர் அவ்விழப்பை நேரில் அறிந்தவர் என்பது இங்குக் கருதத்தக்கது.

‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811 அக்டோபர் இறுதியில் தாமஸ் எகர்ட்டன் வெளியீடாக மூன்று தொகுதிகளில் வந்தது. இழப்பு நேரின் அதை ஆசிரியரே ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. ஒரு சீமாட்டி எழுதியது என்னும் குறிப்பு மட்டுமே இருந்தது. 1813 ஜூலைக்குள் முதற்பதிப்பு முழுதும் விற்று, ஆசிரியருக்கு 140 பவுண்டு கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் பதிப்புரிமையை அவர் 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். ஆகவே, அவருடைய நூல்களுள் மிகுதியாக விரும்பப்பட்ட அந்நூலின் பிற்பதிப்புகளால் அவருக்கு வருவாய் ஏதுமில்லை.

அந்நாவலின் விலை 18 ஷில்லிங். சாதாரணக் குடும்பத்தினர் வாங்கக்கூடிய விலையன்று அது. பலரும் கட்டணம் செலுத்தி இரவல் பெறும் நூலகங்கள் வழியாகவே நாவல்களை வாசித்தனர். 1815 டிசம்பரில் வெளிவந்த ‘எம்மா’ 2,000 படிகள் அச்சிடப்பட்டும் முழுதும் விற்கவில்லை. வால்ட்டர் ஸ்காட் அதற்கு மதிப்புரை எழுதினார். ரீஜென்ட் இளவரசருக்கே அந்நூல் காணிக்கையாக்கப்பட்டது. ஆயினும் 1817 ஜூலை 18இல், 41ஆம் வயதில், வின்செஸ்டரில் ஆசிரியர் இறந்தபோது அவர் பரவலாக அறியப்பட்டவர் அல்லர். வின்செஸ்டர் பேராலயத்தில் உள்ள அவருடைய கல்லறைக் கல் அவர் நாவலாசிரியர் என்பதைக் குறிப்பிடவே இல்லை.

1817 டிசம்பரில், 1818 என ஆண்டிட்டு, எஞ்சிய இரு நாவல்கள் வெளிவந்தன. அதன்பின் 1832 வரை இங்கிலாந்தில் மறுபதிப்பு இல்லை. அவ்வாண்டு ரிச்சர்ட் பென்ட்லி ஐந்து நாவல்களின் உரிமையை ஆஸ்டின் குடும்பத்தாரிடமிருந்து 210 பவுண்டுக்கும், ஆறாவதன் உரிமையை எகர்ட்டன் தரப்பாரிடமிருந்து 40 பவுண்டுக்கும் வாங்கினார். அவர் வெளியிட்ட ஒற்றைத் தொகுதிப் பதிப்பின் விலை 6 ஷில்லிங். வாசகப் பற்று பெருக வேண்டுமானால் நூல் முதலில் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்கு இம்மாற்றம் சான்றாகிறது.

2. நினைவுநூலும் ‘ஜேனைட்’ என்னும் பெயரும்

ஆஸ்டினின் உறவினரான ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின்-லீ 1869இன் இறுதியில் அவரைப் பற்றிய நினைவுநூலொன்றை வெளியிட்டார். அடக்கமும் அன்பும் நிறைந்த, புகழை நாடாத ‘அத்தை ஜேன்’ என்னும் உருவம் அந்நூலால் நிலைபெற்றது. கசாண்ட்ரா வரைந்த சிறு ஓவியத்தில் உள்ள முகம் சற்றுக் கடுமையானது. அந்நூலுக்கெனச் செதுக்கப்பட்ட படத்தில் அது மென்மையாக்கப்பட்டது. தமக்கை பல கடிதங்களை எரித்துவிட்டதால், அக்கடுமையை நினைவூட்டும் சான்றுகளும் குறைந்திருந்தன. வாசகரின் அன்பு ஆசிரியரின் உருவத்தையே திருத்தத் தொடங்கிய இடம் இதுவாகும்.

1894இல் ஹியூ தாம்சனின் சித்திரங்களுடன் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ அழகுப் பதிப்பொன்று வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதிய திறனாய்வாளர் ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி ஆஸ்டின் பற்றாளரைக் குறிக்க ‘ஜேனைட்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். 1924இல் ரட்யார்ட் கிப்ளிங் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஒரு சிறுகதை வெளியிட்டார். முதல் உலகப் போரின் பீரங்கிப் படை வீரர்கள் ஆஸ்டின் நாவல்களை இரகசியக் குழுவினரின் அடையாளச் சொற்கள்போலக் கையாள்வது அக்கதையின் பொருள்.

இவ்விரு சான்றுகளும் ஒரு செய்தியைத் தெளிவாக்குகின்றன. தொடக்கத்தில் அப்பெயரைப் பெருமையுடன் ஏற்றோருள் கற்றறிந்த ஆடவரும் இருந்தனர். அன்று அது நல்ரசனையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் பெண் வாசகரே ஆஸ்டின் பற்றாளர் என்ற எண்ணம் பரவியபோது, அதே பெயர் ஏளனம் கலந்ததாயிற்று. பற்றின் தன்மை மாறியதால் அன்றிப் பற்றுடையோர் யார் என்ற எண்ணம் மாறியதாலேயே மதிப்பீடு மாறிற்று எனக் கருத இடமுண்டு. 1908 ஜூனில் இலண்டனில் நடந்த பெண் வாக்குரிமைப் பேரணிக்கென உருவாக்கப்பட்ட பதாகைகளுள் ஜேன் ஆஸ்டின் பெயர் தாங்கியதும் ஒன்று. பெண் வாசகரின் பற்று கற்பனை உலகில் ஒதுங்குவதாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

3. 1940: ஒரே ஆண்டின் மூன்று நிகழ்வுகள்

ஆஸ்டின் வரவேற்பு வரலாற்றில் 1940 தனித்து நோக்கத்தக்க ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டில் மூன்று நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராமல் நிகழ்ந்தன.

முதலாவது, டி. டபிள்யூ. ஹார்டிங் ‘ஸ்க்ரூட்டினி’ இதழில் வெளியிட்ட கட்டுரை. ஆஸ்டின் தம் சமூகத்தின்மீது கட்டுப்படுத்தப்பட்ட வெறுப்புக் கொண்டிருந்தார். அவர் வெறுத்திருக்கக்கூடிய மனப்பாங்கு உடையோரே அவரை விரும்பிப் படிக்கின்றனர் என அவர் வாதிட்டார். இரண்டாவது, எம்.ஜி.எம். நிறுவனத்தின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ திரைப்படம். ஆல்டஸ் ஹக்ஸ்லியும் ஜேன் மர்ஃபினும் திரைக்கதை எழுதிய அப்படத்தில் ஆடைகள் பிந்திய பதின்மங்களுக்குரியவை. கடுமையான லேடி கேத்தரின் இறுதியில் காதலருக்கு உதவும் நல்லவராக மாற்றப்பட்டார். மூன்றாவது, சாட்டன் வீட்டைக் காப்பாற்றும் நோக்கில் டாரதி டார்னல் தொடங்கிய ஜேன் ஆஸ்டின் சங்கம். போரில் மகனை இழந்த வழக்கறிஞர் ஒருவர் அம்மகனின் நினைவாக அவ்வீட்டை வாங்கினார். 1949இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஹார்டிங்கின் குற்றச்சாட்டு அத்திரைப்படத்திற்குப் பெரிதும் பொருந்தும். ஆனால் சங்கத்திற்கு அது பொருந்துமா என்பது வேறு வினா. எழுத்தாளர் குடியிருந்த வீடு சிதைந்துவிடக்கூடாது என முன்வந்தோர் வாசகர்களே. வீடற்றிருந்த ஒருவருக்கு எழுத இடமளித்த வீடு அது என்பதை எண்ணும்போது, அச்செயல் நாவல்களின் மையப் பொருளை அறிந்து செய்த செயலாகவே தோன்றுகிறது. வெறுப்பையும் விருப்பையும் எதிரெதிராக நிறுத்திய திறனாய்வு, விருப்பத்திற்குள்ளும் கூர்மை இருக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

4. ஒரு வகைமையின் தோற்றம்

1935இல் ஜார்ஜெட் ஹேயர் ‘ரீஜென்சி பக்’ நாவலை வெளியிட்டார். ரீஜென்சி காலத்தைக் களமாகக் கொண்ட அவருடைய வரலாற்றுக் காதல் நாவல்களே பின்னர் ஒரு தனி வகைமைக்கு வழிவகுத்தன. ஆடை, வண்டி, பேச்சுவழக்கு முதலியவற்றை நுணுகி ஆராய்ந்து எழுதியவர் ஹேயர். ஆஸ்டினுக்கோ அவை நிகழ்காலம். அவற்றை அவர் விரித்துரைக்கவே இல்லை. மாறாக, ஆண்டு வருவாயை அவர் தவறாமல் குறிப்பிடுகிறார்: டார்சிக்கு 10,000 பவுண்டு, பென்னெட் குடும்பத்திற்கு 2,000 பவுண்டு.

இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு மேலும் ஒன்றுண்டு. பிரபுக்களும் கோமகன்களும் பின்வந்த வகைமையின் வழக்கமான தலைவர்கள். ஜூலியா குவின் 2000இல் வெளியிட்ட நாவலை அடிப்படையாகக் கொண்டு 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் முதற்பருவத் தலைவனும் ஒரு கோமகனே. ஆஸ்டினின் கதைத்தலைவியர் எவரும் பட்டம் பெற்ற பிரபுவை மணக்கவில்லை. மூவர் திருச்சபைக் குருமாரை மணக்கின்றனர். 27 வயதான ஷார்லட் லூகாஸ் விருப்பமற்ற ஒருவரை மணப்பது ஒரு வீட்டிற்காகவே. மணமான பெண்ணின் வருவாயும் அசையும் பொருளும் கணவனுக்கே உரியவை என்றிருந்த சட்டநிலை 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் மாறத் தொடங்கிற்று. அதற்கு முன் திருமணம் என்பது பெண் எடுக்கும் மிகப் பெரிய பொருளாதார முடிவு. பின்வந்த வகைமை அம்முடிவின் இன்பத்தை விரித்தது; அதன் அச்சத்தைப் பெரும்பாலும் குறைத்தது.

5. கணக்கை மறவாத தழுவல்கள்

1995இல் ஆஸ்டின் தழுவல்கள் பல ஒருங்கே வெளிவந்தன. பி.பி.சி.யின் ஆறு பகுதித் தொடரில் டார்சி குளத்தில் பாயும் காட்சி பெரும்புகழ் பெற்றது. நாவலில் அக்காட்சி இல்லை. அதே ஆண்டு ஆங் லீ இயக்கத்தில், எம்மா தாம்சன் திரைக்கதையில் வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ வேறு வழியை மேற்கொண்டது. அப்படம் தந்தையின் மரணப் படுக்கையிலிருந்தே தொடங்குகிறது. மாற்றாந்தாய்க்கும் அவருடைய பெண்களுக்கும் 3,000 பவுண்டு தர எண்ணிய மகன், மனைவியின் பேச்சால் படிப்படியாக ஒன்றுமே தராத முடிவுக்கு வரும் பகுதி நாவலின் இரண்டாம் இயலில் உள்ளது. நகைச்சுவையும் கொடுமையும் கலந்த அக்கணக்கைத் திரைக்கதை விட்டுவிடவில்லை. சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது.

இந்நாவலின் தமிழ்த் தழுவல் ராஜீவ் மேனன் இயக்கி 2000இல் வெளிவந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. நாவலில் நார்லாந்து மாளிகையைப் பெண்களிடமிருந்து பறிப்பது ஒரு முதியவரின் உயில். தமிழ்ப் படத்திலும் உயிலாலேயே தாயும் பெண்மக்களும் பெரிய வீட்டை இழந்து சென்னைக்குப் பெயர்கின்றனர். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் பங்குரிமை வழங்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989 முதல் நடைமுறையில் இருந்தது. எனினும் ஒருவர் தமக்கே உரிய சொத்தை உயில் வழி எவருக்கும் எழுதிவைக்க இயலும். எனவே 1811இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த இழப்பு, 2000இல் தமிழ்நாட்டிலும் நம்பத்தக்கதாக அமைந்தது. 1990களில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் பல முடங்கிப் பலர் சேமிப்பை இழந்த சூழலும், இளைய மகளின் காதலன் நடத்தும் நிதி நிறுவனத்தின் வீழ்ச்சி வழியே படத்திற்குள் வருகிறது. கர்னல் பிராண்டனின் இடத்தில், இலங்கை சென்ற இந்திய அமைதி காக்கும் படையில் காலை இழந்த மேஜர் நிற்கிறார்.

ஒரு மாற்றம் மட்டும் அடிப்படையானது. நாவலின் எலினாருக்கும் மரியானுக்கும் ஊதியம் பெறும் தொழில் என்னும் வழியே காட்டப்படவில்லை. தமிழ்ப் படத்தில் மூத்தவள் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறாள், இளையவள் பாடகியாகிறாள். வீட்டை இழந்த பெண் உழைத்துத் தன் நிலையை மீட்டுக்கொள்ள முடியும் என்னும் இச்சேர்க்கை மூலத்திலிருந்து விலகுவதாகத் தோன்றினும், மூலம் எழுப்பிய வினாவுக்கே விடை கூறுகிறது.

முடிவுரை

2017இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வெளியிட்ட 10 பவுண்டுத் தாளில் ஆஸ்டினின் உருவம் இடம்பெற்றது. அதில் உள்ள முகம் 1869ஆம் ஆண்டு நினைவுநூலுக்காக மென்மையாக்கப்பட்ட முகமே. வாசிப்பின் இன்பத்தைப் போற்றும் மேற்கோளொன்றும் அதில் உள்ளது. நாவலில் அதைக் கூறுபவளோ டார்சியின் கவனத்தைப் பெறுவதற்காக மட்டும் நூலைக் கையிலெடுக்கும் மிஸ் பிங்லி. பற்று ஆசிரியரை எவ்வளவு தூரம் திருத்திவிடக்கூடும் என்பதை இத்தாள் காட்டுகிறது. அதே வேளையில், நாவல்களால் வாழ்நாளில் மொத்தம் 700 பவுண்டுக்கும் குறைவாகவே பெற்ற ஒருவரின் உருவம் பணத்தாளில் அமைந்தது, அவர் எழுதிய பொருளுக்கு ஒருவகையில் பொருத்தமும் ஆகிறது.

மேற்கண்டவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஆஸ்டினின் நாவல்களை மலிவுப் பதிப்பாகவும், இல்லமாகவும், திரைப்படமாகவும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்ததில் கல்விப்புலத்திற்கு வெளியே இருந்த வாசகரின் பங்கு பெரிது என்பது ஒன்று. அவ்வன்பு ஒருதன்மைத்தன்று, உருவத்தை மென்மையாக்கிய அன்பும் உண்டு, கணக்கை மறவாத அன்பும் உண்டு என்பது மற்றொன்று. ‘இப்பெண்கள் இனி எங்கே வாழ்வர், எதைக் கொண்டு வாழ்வர்’ என்னும் வினா வேறொரு நாட்டிலும் மொழியிலும் புதிதாகக் கேட்கப்படும் இடங்களில் இந்நாவல்கள் பழமைப் பொருளாகிவிடுவதில்லை. வெகுமக்கள் விரும்பும் புனைவை ஆராய்வோர் அவ்விருப்பத்தை ஒதுக்கிவைக்காமல் அதையே சான்றாகக் கொண்டு ஆராய வேண்டும் என்பதை ஆஸ்டினின் இரு நூற்றாண்டு வாசக வரலாறு உணர்த்துகிறது.