ஜெயித்த ஊரும் தோற்ற ஊரும்: மீஞ்சூரிலிருந்து ஒரு கணக்கு

1

மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடை. விடிவதற்கு முன்பே அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். கழுத்தில் கம்பெனி டேக், தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணில் பாதித் தூக்கம். என்னோடு பள்ளியில் படித்த இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஒருவனுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. இன்னொருவன் ஆரம்பாக்கம் எல்லையைத் தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டிக்குப் போகிறவன். வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சண்டை வரும்.

"ஒரு தடவ அங்க வந்து பாரு மச்சான். சும்மா கெடந்த எடத்த பதினஞ்சு வருஷத்துல எப்படி மாத்திட்டான் பாரு. ரோடே வேற மாதிரி."

"மாத்தட்டும்டா. சரக்க ஏத்த எங்க வருவான்? எண்ணூருக்குத்தான வரணும். போர்ட்டு நம்மகிட்ட."

"ஏன், கிருஷ்ணபட்டினம் இல்லியா?"

பஸ் வந்ததும் சண்டை பாதியில் நின்றுவிடும். யார் ஜெயித்தார்கள் என்று இதுவரை முடிவானதில்லை.

இரண்டு நாடுகளை, இரண்டு மாநிலங்களை, இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்து "எது முன்னேறியது?" என்று கேட்பது நமக்குப் பிடித்த விளையாட்டு. வாட்ஸ்அப் குழுவில் வரும் பாதி வரைபடங்கள் இதுதான். நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் மீஞ்சூரில் உட்கார்ந்து இதை யோசித்தால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. காரணம், இந்தக் கடற்கரையின் மிகப் பழைய போட்டி ஒன்றில் தோற்ற ஊர் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. ஜெயித்த ஊர் தெற்கே இருக்கிறது. நாங்கள் நடுவில்.

2

வடக்கே பழவேற்காடு. தெற்கே மெட்ராஸ்.

1610-ல் டச்சுக்காரர்களுக்கு விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் பழவேற்காட்டில் வணிகம் செய்ய அனுமதி கொடுத்தார். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து அவர்களுடைய கிடங்கைத் தாக்கினார்கள். அடுத்த வருடமே அங்கே ஜெல்ட்ரியா கோட்டை எழுந்துவிட்டது. சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் அதுதான். துணி வாங்கினார்கள், நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். இங்கே நெய்த துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

அப்போது ஆங்கிலேயர்கள் இந்தக் கடற்கரையில் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டு இருந்து பார்த்தார்கள். சரிவரவில்லை. 1620-களில் வடக்கே ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராஜபட்டினத்துக்குப் போனார்கள். அங்கும் வியாபாரம் ஓடவில்லை. கடைசியாக பிரான்சிஸ் டே தெற்கே வந்து, தாமர்ல நாயக்கர்களிடமிருந்து ஒரு மணல் திட்டை வாங்கினார். 1639 ஆகஸ்ட் 22. நாம் மெட்ராஸ் டே கொண்டாடுகிறோமே, அந்தத் தேதி.

அந்த இடத்தை இன்றைய முதலீட்டாளர் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார். துறைமுகம் கிடையாது. கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டு மசூலாப் படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். பழவேற்காட்டிலோ படகுகளுக்குப் பெரிய உப்பங்கழி இருந்தது, கோட்டை இருந்தது, தலைமுறை தலைமுறையாக வந்த வணிகர்கள் இருந்தார்கள். அன்றைக்குப் பந்தயம் கட்டச் சொன்னால் புத்தியுள்ளவன் பழவேற்காட்டின் மீதுதான் கட்டியிருப்பான்.

ஆங்கிலேயர்கள் ஒன்று செய்தார்கள். இங்கே வந்து குடியேறுகிறவர்கள் உண்ணவும் குடிக்கவும் உடுக்கவும் வாங்கும் பொருட்களுக்கு முப்பது வருடத்துக்குச் சுங்க வரி கிடையாது என்று அறிவித்தார்கள். நெசவாளர்களும் சாயக்காரர்களும் வணிகர்களும் வந்தார்கள். இன்று சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்குக் கொடுக்கிற வரிச்சலுகை ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். மெட்ராஸ் என்ற ஊரே அப்படி ஒரு சலுகையில் வளர்ந்ததுதான்.

1690-ல் டச்சுக்காரர்கள் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781-ல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்தார்கள். பழவேற்காடு இவர்கள் கைக்கும் அவர்கள் கைக்குமாகச் சில முறை மாறியது. 1806-ல் கோட்டை இடிக்கப்பட்டது. 1824-ல் லண்டனில் கையெழுத்தான ஒரு ஒப்பந்தத்தின்படி மறு வருடம் மொத்தமும் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியது டச்சுக் கல்லறைத் தோட்டமும் மீனவக் குப்பங்களும்.

இந்தக் கதையில் நாம் வழக்கமாகக் கேட்பது, "மெட்ராஸ் ஏன் ஜெயித்தது?" இரண்டு ஊரின் தலைவிதியும் பெரும்பாலும் பட்டேவியாவிலும் லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும்தான் எழுதப்பட்டது என்பதை அந்தக் கேள்வி மறைத்துவிடுகிறது. இன்னொன்றையும் மறைக்கிறது. பழவேற்காடு உச்சத்தில் இருந்த காலத்தில் அங்கிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சமும் போரும் வந்த வருடங்களில் பல்லாயிரம் பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். மெட்ராஸிலிருந்தும் அப்படிக் கப்பல்கள் போயின. 1680-களில்தான் அங்கே தடை வந்தது. ஊர் "வளர்ந்துகொண்டிருந்தபோது" நடந்தது இது. எந்த வளர்ச்சி வரைபடத்திலும் இவர்கள் ஒரு கோடாகக்கூட வரமாட்டார்கள்.

3

பழவேற்காடு தோற்றதற்கு வேடிக்கையான ஒரு சாட்சி உண்டு. இந்தப் பக்கத்தில் நெய்த கட்டம்போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் பெயரே "புலிகாட்"தான். பிறகு அந்த வகைத் துணி "மெட்ராஸ்" என்ற பெயரில் உலகம் சுற்றியது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்குப் பெரிய சந்தை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை "இன்ஜிரி" என்பார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அந்தத் துணி அவர்களுக்கு வேண்டும்.

அந்தத் துணி போய் இறங்கிய மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், நம் டீக்கடைச் சண்டையின் மிகப் பிரபலமான வடிவம் நடந்தது. 1957 மார்ச்சில் கானா சுதந்திரம் பெற்றது. அடுத்த மாதம் அதன் தலைவர் குவாமே நுக்ரூமா பக்கத்து ஐவரி கோஸ்டின் அபிஜான் நகருக்குப் போனார். அங்கே ஃபெலிக்ஸ் ஊஃபுவே-புவாஞி அவருக்கு ஒரு சவால் விட்டார். நீங்கள் உங்கள் வழியில் போங்கள், நாங்கள் பிரான்சோடு சேர்ந்து எங்கள் வழியில் போகிறோம், பத்து வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். இரண்டும் அக்கம்பக்கத்து நாடுகள். இரண்டுக்கும் முக்கிய விளைச்சல் கோகோ. ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது.

பத்து வருடம்கூட ஆகவில்லை. 1966-ல் ராணுவம் நுக்ரூமாவைக் கவிழ்த்தது. கானாவின் பொருளாதாரம் சரிந்தது. அபிஜானில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1970-களின் கடைசியில் ஐவரி கோஸ்ட் கோகோ உற்பத்தியில் கானாவை முந்திவிட்டது. "ஊஃபுவே ஜெயித்தார்" என்று எழுதினார்கள். 1980-களில் கோகோ விலை விழுந்தது. 1987-ல் ஐவரி கோஸ்ட் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நிறுத்தியது. 2002-ல் உள்நாட்டுப் போர். கானாவிலோ 1992-லிருந்து தேர்தல் நடந்து ஆட்சி அமைதியாக மாறிக்கொண்டிருந்தது. "நுக்ரூமாவின் நாடுதான் ஜெயித்தது" என்று மாற்றி எழுதினார்கள். 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பேனா மறுபடி திரும்பியது.

எந்த வருடத்தில் தராசைத் தூக்குகிறீர்களோ, அந்த வருடத்துக்கு ஒரு ஜெயித்தவர்.

இதற்கெல்லாம் அடியில் பெரிதாக மாறாமல் இருந்த ஒன்று உண்டு. இரண்டு நாட்டிலும் கோகோ விவசாயிக்குக் கிடைத்தது உலக விலையில் ஒரு பங்குதான். ஒரு நாடு சோஷலிசம் பேசியது, மற்றது முதலாளித்துவம் பேசியது. இரண்டிலுமே அரசு நடத்திய கொள்முதல் அமைப்பு விவசாயியின் விலையை நிர்ணயித்தது, மீதியை எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தில்தான் அணையும் அடுக்குமாடியும். அபிஜானையும் அக்ராவையும் ஒப்பிட்டவர்களில் ரொம்பப் பேர், இரண்டு நகரங்களையும் தூக்கி நிறுத்திய கிராமங்களை ஒப்பிடவில்லை.

4

இங்கேதான் மீஞ்சூர் வருகிறது.

எங்கள் பகுதி ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் மணலைக் கொண்டுவந்து கொட்டிய பூமி. மணலுக்கடியில் நல்ல தண்ணீர். மூன்று போகம் விளைந்த நிலம் என்று என் ஆயா சொல்லும். 1960-களின் கடைசியில் இந்த நிலத்தடி நீர் கணக்கெடுக்கப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணற்று வயல்கள் அமைந்தன. கிணற்று வயல் என்றால், ஒரே பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகள் போட்டு மொத்தமாக நீர் இறைப்பது. தண்ணீர் மெட்ராஸுக்கும் வடக்கே வளர்ந்த தொழிற்சாலைகளுக்கும் போனது. விவசாயமும் அதே நீரைத்தான் இறைத்தது. நல்ல தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் கடல் சும்மா இருக்காது. உப்புநீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. கடல்நீர் ஊடுருவலுக்கு இந்தியாவில் பாடமாகச் சொல்லப்படும் இடங்களில் மீஞ்சூர் ஒன்று.

இதில் எங்களை வெறும் அப்பாவிகளாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. 2000-களின் வறட்சியில் நகரம் தவித்தபோது, இந்தப் பக்கத்து விவசாயிகளே கிணற்றுத் தண்ணீரை விற்றார்கள். நெல் போடுவதைவிட அதில் வருமானம். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளைக்கு 10 கோடி லிட்டர். முதன்மையாக வடசென்னைக்கு. அதற்கு ஊர் உலகத்தில் பெயர் "மீஞ்சூர் பிளான்ட்". யோசித்துப் பாருங்கள். முதலில் நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுத்து நிலம் உப்பானது. பிறகு உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கி நகரத்துக்குக் கொடுக்கிற இடமும் நாங்களே ஆனோம்.

மின்சாரமும் இப்படித்தான். அத்திப்பட்டு புதுநகரில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட். இந்த அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் எண்ணூர்த் துறைமுகம் முதலில் திட்டமிடப்பட்டது. 2001-ல் திறந்தது, 2014-ல் காமராஜர் பெயர் வைத்தார்கள். 2011-ல் நகரத்துக்குள் தூசி பறக்கிறது என்ற வழக்கில், சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவுதான், ராயபுரத்து ஜனங்களின் நெஞ்சு கரியாகக் கூடாது. நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. சென்னைத் துறைமுகமும் எண்ணூர்த் துறைமுகமும் போட்டி போட்டதாக எழுதுவார்கள். அந்தப் போட்டியில் எண்ணூர் ஜெயித்த பரிசில் இந்தத் தூசியும் உண்டு. ஜெயித்த துறைமுகத்தின் பெரும்பங்கை 2020-ல் சென்னைத் துறைமுகமே வாங்கிவிட்டது என்பது தனிக் கதை.

ஆனாலும் என் மாமா ஒப்பந்தத் தொழிலாளியாக இங்கே ஒரு ஆலையில் சம்பாதித்த காசில்தான் நான் காலேஜ் முடித்தேன். ஆலை வேண்டாம் என்று எழுத எனக்கு வாய் வராது. திருவள்ளூர் மாவட்டம் தமிழ்நாட்டில் தனிநபர் வருமானம் அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்று, அதில் அந்தச் சம்பளமும் இருக்கிறது. ஆயாவின் கிணறு அதில் இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும் என்பதுதான் என் சண்டை.

5

இப்போது டீக்கடைக்கே திரும்பலாம்.

ஸ்ரீசிட்டி 2008-ல் தொடங்கியது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. அதற்கு உதிரிபாகம் கொடுத்துவந்த ஃபாக்ஸ்கானும் கொஞ்ச நாளில் அங்கே வேலையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2015 ஆகஸ்டில் அதே ஃபாக்ஸ்கான் ஸ்ரீசிட்டியில் செல்போன் செய்ய ஆரம்பித்தது. ஆந்திரா ஜெயித்தது. சில வருடத்தில் ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பி வந்து பெரிதாக வளர்ந்தது. தமிழ்நாடு ஜெயித்தது. கம்பெனி இரண்டு ஆட்டத்திலும் தோற்கவில்லை.

துறைமுகத்தைப் பாருங்கள். காட்டுப்பள்ளி 2018-ல் அதானி குழுமத்திடம் போனது. கிருஷ்ணபட்டினமும் 2020, 2021-ல் அதே குழுமத்திடம் போனது. என் நண்பர்கள் இரண்டு மாநிலத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். இரண்டு வாசலுக்கும் சாவி ஒரே கொத்தில். காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து வருடக்கணக்காக நிற்பவர்கள் பழவேற்காட்டு மீனவர்கள். அந்தப் பழைய போட்டியில் தோற்றுப்போன ஊரிடம் மிச்சமிருந்தது ஏரியும் கடலும்தான், இன்றைய போட்டிக்கு இப்போது அதுவும் வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் கைவிட்ட அந்தத் துர்க்கராஜபட்டினமும் சும்மா இல்லை. அங்கே ஒரு பெரிய துறைமுகம் என்று 2014-ன் ஆந்திரப் பிரிவினைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த மேற்கு ஆப்பிரிக்கப் பந்தயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2019-ல் கானாவும் ஐவரி கோஸ்டும் சேர்ந்து, ஒரு டன் கோகோவுக்கு 400 டாலர் கூடுதலாகக் கொடுத்தால்தான் விற்போம், அது விவசாயிக்குப் போக வேண்டும் என்று அறிவித்தன. வாங்குகிறவர்கள் வேறு வழிகளில் விலையைக் குறைக்கப் பார்த்தார்கள், நினைத்தது முழுதாக நடக்கவில்லை. ஆனால் அறுபது வருடம் கழித்து, தாங்கள் போட்டி போட்டால் லாபம் மூன்றாவது ஆளுக்கு என்று அந்த இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இவ்வளவுக்குக் குறைந்து கூலி கிடையாது, நிலத்தடி நீரை இவ்வளவுக்கு மேல் தொட முடியாது என்று சென்னையும் அமராவதியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினால் எப்படியிருக்கும்?

இதை ஒரு நாள் டீக்கடையில் சொன்னேன். ஸ்ரீசிட்டிக்காரன், "நடக்கற கதையா பேசு" என்றான். கும்மிடிப்பூண்டிக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு அங்க ஓவர்டைம் எவ்ளோ தராங்க?" என்று அவனைக் கேட்டான். இத்தனை வருடச் சண்டையில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. இருவரும் ரொம்ப நேரம் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கடைக்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு, டீக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"கேன் தண்ணிதான் தம்பி. நம்ம ஊரு கிணத்துத் தண்ணில போட்டா யார் குடிப்பா?"